முதல் ஃபுல் மாரத்தான்: சென்னையில் ஓடப் போகிறவர்களுக்கு

ஹாஃப் மாரத்தான் ஒன்றிரண்டு முடித்துவிட்டு, "அடுத்து ஃபுல் போடலாமா?" என்று யோசித்துக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இப்போதுதான் வாக்கிங் போக ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றால் இது அடுத்த வருஷம் உதவும். இந்த வருஷம் 5, 10, 21 கிலோமீட்டர் என்று ஏறி வாருங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. 42.195 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய திருவான்மியூரில் பஸ் ஏறி மாமல்லபுரத்தில் இறங்குகிற தூரம். சில மாதங்களாக விடாமல் வாரத்துக்கு 25 கிலோமீட்டராவது ஓடிக்கொண்டிருக்கிற, 10 கிலோமீட்டரைப் பெரிய அவஸ்தை இல்லாமல் முடிக்கிற ஆளுக்கு இது எட்டாத தூரம் இல்லை. ஆனால் குளிர் நாட்டுக்காரர்கள் போடும் திட்டத்தை அப்படியே எடுத்து இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஓடினால் ஒத்துவராது. இங்கே ஃபுல் ஓட முதலில் பழக வேண்டியது மெதுவாக ஓடுவதை. கேட்க சப்பென்று இருக்கும், முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான்.

காலண்டரைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

சென்னை மாரத்தான் ஜனவரி முதல் பாதியில் வரும். அண்மை ஆண்டுகளில் ஃபுல் ஓட்டம் நேப்பியர் பாலம் அருகே விடியற்காலை இருட்டில் தொடங்கி, மெரினா வழியாகத் தெற்கே போகிறது. தேதியும் வழித்தடமும் கொஞ்சம் கொஞ்சம் மாறும், பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே கட்-ஆஃப், அதாவது எத்தனை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்றும் பாருங்கள், அதை யாரும் படிப்பதே இல்லை. தார் ரோடு முட்டியைப் பதம் பார்க்கிறது, நேரக் கணக்கும் வேண்டாம் என்கிறவர்களுக்கு பிப்ரவரியில் ஆரோவில்லில் செம்மண் பாதையில் ஒன்று நடக்கிறது, அங்கே போட்டி மனப்பான்மையே கிடையாது. ஆனால் மண் பாதையில் மேடு பள்ளம் உண்டு, வேர் தடுக்கும், ரோட்டில் ஓடிப் பழகியவர்கள் அதைச் சுலபம் என்று நினைத்துப் போகக் கூடாது.

ஜனவரி ஓட்டத்துக்கு 18 வாரம் பின்னால் எண்ணினால் ஆகஸ்ட் கடைசி அல்லது செப்டம்பர் முதல் வாரம் வரும். அதாவது சுத்தமான புழுக்கத்தில் ஆரம்பித்து, ஐப்பசி கார்த்திகை அடைமழையில் நடுப்பகுதியைக் கடந்து, மார்கழிக் குளிரில் முடிப்பீர்கள். ஒருவிதத்தில் இது நல்லது. செப்டம்பரில் உயிரை வாங்கிய 16 கிலோமீட்டர் டிசம்பரில் சாதாரணமாகத் தெரியும், பாதி உங்கள் பயிற்சி, பாதி வானிலை.

பணம் கட்டும் முன் டாக்டர்

35 வயதைத் தாண்டியிருந்தால், சர்க்கரை, பிபி, கொலஸ்ட்ரால் எதாவது இருந்தால், வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருந்தால், ஒரு முறை டாக்டரைப் பார்த்து "42 கிலோமீட்டர் ஓடப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்), டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்க வைத்து இதயத்தைப் பார்ப்பது) எது தேவையோ எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. ரத்தசோகையோடு பயிற்சி எடுத்துக்கொண்டு "எனக்கு ஸ்டாமினாவே இல்லை" என்று தன்னைத்தானே திட்டிக்கொள்கிறவர்கள் நிறைய.

ஷூ, சாக்ஸ், வாசலின்

ஷூ வாங்க சாயங்காலம் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். ஓடும்போது நீங்கள் போடும் சாக்ஸையே கையோடு எடுத்துப் போய்ப் போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் 30 கிலோமீட்டருக்கு மேல் நகம் கறுக்கும். கார்பன் தகடு வைத்த இருபதாயிரம் ரூபாய் ஷூ முதல் ஃபுல்லுக்குத் தேவையே இல்லை, அந்தக் காசில் சாதாரண ஷூ இரண்டு ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் மழைக்காலத்தில் ஒன்று காயும்போது மற்றது கைகொடுக்கும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து ஃபேனுக்குக் கீழே வையுங்கள், இரண்டு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். வெயிலில் காயப் போட்டால் பசை விட்டுப்போகும். ஓட்டத்தன்று போடும் ஷூவை இரண்டு மாதம் முன்பே வாங்கி, ஒரு நீண்ட ஓட்டமாவது அதில் ஓடியிருக்க வேண்டும்.

காட்டன் சாக்ஸும் காட்டன் டி-ஷர்ட்டும் வேண்டாம். இந்த ஊர் வியர்வையில் அவை ஈரத் துணியாகி உராய்ந்து தோலை உரித்துவிடும். தொடை இடுக்கு, அக்குள், ஆண்களுக்கு மார்புக் காம்பு, பெண்களுக்கு உள்ளாடையின் கீழ்விளிம்பு, இங்கெல்லாம் தாராளமாக வாசலின் தடவுங்கள். காம்பில் ரத்தம் கசிந்து சட்டையில் இரண்டு சிவப்புக் கோடு இறங்கி வருகிறவர்களை எல்லா மாரத்தானிலும் பார்க்கலாம், ஒரு சின்னத் துண்டு பிளாஸ்திரி போதும் அதைத் தவிர்க்க.

வாரம் எப்படி இருக்க வேண்டும்

வாரத்துக்கு நாலு நாள் ஓட்டம் போதும். வேலைக்குப் போகிறவர்கள் ஆறு நாள் ஓடுகிறேன் என்று ஆரம்பித்து மூன்றாவது வாரம் கணுக்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். செவ்வாய், வியாழன் 6 முதல் 10 கிலோமீட்டர் ஈஸி ரன், சனிக்கிழமை 5 கிலோமீட்டர் சும்மா கால் அசைக்க, ஞாயிறு லாங் ரன். நடுவில் இரண்டு நாள் வீட்டிலேயே அரை மணி நேரம் ஸ்குவாட், லஞ்ஜ் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டியை மடக்கி எழுவது), படிக்கட்டு நுனியில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது, பிளாங்க். இந்த அரை மணியைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுவார்கள், பிறகு முட்டி வலிக்கு பிசியோ கிளினிக்கில் போய் அதே பயிற்சியைக் காசு கொடுத்துச் செய்வார்கள்.

ஞாயிறுதான் உயிர்நாடி. 12 கிலோமீட்டரில் ஆரம்பித்து 14, 16 என்று ஏறுங்கள், நாலாவது வாரம் 12க்கு இறங்குங்கள். அடுத்து 18, 20, 22, பிறகு 16. அதன்பின் 24, 26, 28, மறுபடி 20. கடைசியாக 30, நடுவில் ஒரு 22, பிறகு 32. அந்த 32 ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பு வர வேண்டும், அதற்குப் பின் 20, 12, அடுத்த ஞாயிறு மாரத்தான். இறங்குகிற வாரங்களைத் தாண்டிக் குதிக்காதீர்கள். உடம்பு பழுது பார்த்துக்கொள்வது அப்போதுதான். பயிற்சியில் 42 ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வரும், வேண்டாம், அதிலிருந்து மீளவே ஓட்ட நாள் வந்துவிடும். உங்கள் வேகத்தில் 32க்கு நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் போலிருந்தால் நாலரை மணி நேரத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள், தூரம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஒரு வாரம் தவறினால்? விட்டுவிடுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓடுவதுதான் காயத்துக்கு நேர்வழி. தீபாவளி, ஒரு கல்யாணம், ஒரு புயல், இவற்றுக்கு முன்கூட்டியே இடம் விட்டுத்தான் 18 வாரம்.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக

பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். நேற்று ஆபீஸில் நடந்த சண்டையைக் காரணத்தோடு விவரிக்க முடிகிறதா, சரியான வேகம். "ம்", "ஆமாம்" என்று மட்டும்தான் பதில் வருகிறதென்றால் கூடுதல் வேகம், குறையுங்கள். கைக்கடிகாரம் காட்டும் பேஸ் (கிலோமீட்டருக்கு எத்தனை நிமிஷம் என்பது) இரண்டாம்பட்சம், அதுவும் செப்டம்பரில். காலை 5 மணிக்கே 26 டிகிரி, காற்றில் ஈரம் 85 சதவீதம் என்றால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டேதான் இருக்கும். ஆவியானால்தானே உடம்பு குளிரும்? உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது, காலுக்கும் அதே அளவு ரத்தம் அனுப்ப இதயம் வேகமாக அடிக்கிறது. அதனால் அதே உழைப்புக்கு கிலோமீட்டருக்கு அரை நிமிஷம், ஒரு நிமிஷம்கூடக் கூடுதலாக ஆகலாம். அது தோல்வி இல்லை, பௌதிகம். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் பெங்களூர் நண்பரின் நேரத்தைப் பார்த்து மனம் நோகாதீர்கள், அவர் ஓடுவது தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில், குளுகுளு காற்றில்.

நடந்து ஓடுவதில் வெட்கமே வேண்டாம். 1972 ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவேதான் இந்த ஓடு-நட-ஓடு முறையைப் பிரபலமாக்கியவர். 4 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை. அல்லது 9க்கு 1. முக்கியமான விஷயம், களைத்த பிறகு நடப்பது இந்த முறை இல்லை. முதல் கிலோமீட்டரிலிருந்தே, தெம்பாக இருக்கும்போதே, மற்றவர்கள் எல்லாம் உங்களைத் தாண்டிப் போகும்போதே நடக்க வேண்டும். 35ஆவது கிலோமீட்டரில் அவர்களில் பலரை நீங்கள் தாண்டுவீர்கள்.

இருட்டு, நாய், மழை

லாங் ரன் நாலரை மணிக்கெல்லாம் தொடங்கிவிட வேண்டும், 7 மணிக்கு மேல் சென்னை வெயிலில் ஓடுவது எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. தனியாகப் போகாதீர்கள், பெசன்ட் நகர், மெரினா, அண்ணா நகர், வேளச்சேரி என்று ஏரியாவுக்கு ஒரு குழு ஓடுகிறது, பெரும்பாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஒளிரும் பட்டை வைத்த சட்டை போடுங்கள், எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி ரோட்டின் வலது ஓரமாக ஓடுங்கள், இரண்டு காதிலும் பாட்டு வேண்டாம்.

தெருநாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது, ஓடுவதைத்தான் அது துரத்துகிறது. நின்று, கையை உடம்போடு வைத்து, அதன் கண்ணை முறைக்காமல், முதுகைக் காட்டாமல் மெல்ல நடந்து அதன் தெருவைக் கடந்துவிடுங்கள். கடித்தாலோ பல் பட்டுக் கீறினாலோ அந்த இடத்தை 15 நிமிஷம் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசி, சின்னக் கீறல்தானே என்று விடக் கூடாது.

மழையில் ஓடலாம், தூறலில் ஓடுவது சுகம்கூட. ஆனால் இடி மின்னல் இருந்தால் வீட்டில் இருங்கள். தண்ணீர் தேங்கிய ரோட்டில் ஓடவே ஓடாதீர்கள்: கீழே மூடி இல்லாத சாக்கடைக் குழி இருக்கலாம், அறுந்து விழுந்த கம்பி இருக்கலாம், காலில் கீறல் இருந்தால் எலிக்காய்ச்சலும் வரலாம். இந்தப் பருவத்தில்தான் டெங்குவும் வரும். காய்ச்சல் விட்ட மறுநாள் "லேசாக ஒரு 5 கிலோமீட்டர்" என்று கிளம்புகிறவர்களை எனக்குத் தெரியும், அதைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. வைரஸ் காய்ச்சல் இதயத் தசையிலும் வீக்கத்தை உண்டாக்கலாம், அந்த நேரத்தில் கடுமையாக ஓடுவது உயிருக்கே ஆபத்து. டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் ஷூவைத் தொட வேண்டும்.

தண்ணீர், உப்பு, சாப்பாடு

உங்களுக்கு எவ்வளவு வியர்க்கும் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஓடும் முன் உள்ளாடையோடு எடை பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வந்து துடைத்துக்கொண்டு மறுபடி பாருங்கள். 70 கிலோ 69 ஆகி, நடுவில் 300 மில்லி தண்ணீர் குடித்திருந்தால், மணிக்கு 1.3 லிட்டர் வியர்வை. அத்தனையையும் திருப்பிக் குடிக்க வயிறு இடம் தராது, தேவையும் இல்லை. தாகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, ஓட்ட முடிவில் எடை இரண்டு சதவீதம் வரை குறைந்திருந்தால் பயப்பட ஒன்றும் இல்லை. எடை கூடியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். குமட்டல், தலைவலி, குழப்பம், முற்றினால் வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைவாக இருந்தது. பெரும்பாலும் மெதுவாக ஓடி, ஒவ்வொரு மேசையிலும் நின்று குடித்தவர்களுக்குத்தான் இந்த ஆபத்து, அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு.

மருந்துக் கடை ஓஆர்எஸ் பொட்டலம் நல்லதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அதில் போட்டிருக்கிறதா பாருங்கள், டப்பாவில் விற்கும் இனிப்புப் பானங்கள் எல்லாம் ஓஆர்எஸ் இல்லை. பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கானது, அதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் வயிற்றைப் புரட்டும். அதில் லிட்டருக்கு 13.5 கிராம்தான் குளுக்கோஸ், அதனால் உப்புக்கு அது, சக்திக்கு வேறு வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் சொச்சம், ஓடும்போது பிழிந்து சாப்பிடும் எனர்ஜி ஜெல் பாக்கெட் ஒன்றிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஓட ஆரம்பித்து 40, 45 நிமிஷத்தில் முதல் வாய் போய்விட வேண்டும். பசித்த பிறகு தின்றால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். பேரீச்சம்பழம் எனக்குப் பிடிக்கும், கொட்டையை எடுத்துவிட்டுச் சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளலாம். கடலைமிட்டாயை ஓடும்போது மெல்ல முயன்று புரையேறிச் சாகாதீர்கள், அது முடித்த பிறகு. எதுவானாலும் சரி, லாங் ரன்னில் தின்று பார்த்து வயிறு ஒப்புக்கொண்டதை மட்டும்தான் ஓட்டத்தன்று தின்ன வேண்டும்.

கடைசி வாரம்

கடைசி மூன்று வாரமும் தூரம் குறைந்துகொண்டே வரும், அப்போது கால் கனக்கும், இல்லாத வலி எல்லாம் வரும். சகஜம். புதிதாக எதுவும் செய்யாதீர்கள், மசாஜ்கூட. நாலு நாள் முன்பே கால் நகத்தை வெட்டிவிடுங்கள். பிப் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) வாங்கப் போகிற இடத்தில் ஸ்டால் ஸ்டாலாக மூன்று மணி நேரம் சுற்றாமல் வாங்கியதும் வீடு திரும்புங்கள், அங்கே தரும் புது டி-ஷர்ட்டை அலமாரியில் வையுங்கள்.

கடைசி இரண்டு நாள் சோறு, இட்லி, தோசை, உருளைக்கிழங்கு கொஞ்சம் தாராளமாக. கீரை, சுண்டல், பருப்பு, எண்ணெய், காரம் குறைவாக. முந்தின நாள் மத்தியானமே நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி 7 மணிக்குள் தயிர் சாதம் மாதிரி எளிதாக எதையாவது சாப்பிட்டுப் படுங்கள். பிரியாணி ஓடி முடித்த பிறகு. தூக்கம் வராது, வராவிட்டால் போகட்டும், அதற்கு முந்தின ராத்திரி தூங்கியதுதான் கணக்கு.

அன்றைக்கு

விடியற்காலை 4 மணிக்கு ஓட்டம் தொடங்கும் என்றால் ஒன்றரை, ஒன்றே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும். இரண்டு மூன்று இட்லியோ பிரெட் ஜாமோ ஒரு வாழைப்பழமோ, வழக்கமாகக் குடிக்கிறவர்களுக்குக் காபி. வயிற்றை வீட்டிலேயே காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள், அங்கே மொபைல் டாய்லெட் வரிசை உங்கள் பொறுமையைச் சோதிக்கும். ஓடும் முன் வலி மாத்திரை போடாதீர்கள். புரூஃபென், டைக்ளோஃபினாக் வகையெல்லாம் நீர்ச்சத்து குறைந்த நேரத்தில் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஸ்பீக்கர், கூட்டம், இருட்டில் மினுங்கும் மெரினா, எல்லாம் சேர்ந்து முதல் 5 கிலோமீட்டரில் கால் தானாகப் பறக்கும். இழுத்துப் பிடியுங்கள். கிலோமீட்டருக்கு 8 நிமிஷம் என்றால் 5 மணி 38 நிமிஷம், ஏழரை என்றால் 5 மணி 16, ஏழு என்றால் 4 மணி 55. கட்-ஆஃப் 6 மணி நேரம் என்றால் 8 நிமிஷம் 31 வினாடி வரை போகலாம். இதில் தண்ணீர் மேசையில் நிற்பதும் டாய்லெட்டும் அடக்கம், அதனால் ஐந்து பத்து நிமிஷம் கைவசம் வையுங்கள். ஜனவரி முதல் வாரம் சூரியன் உதிப்பது ஆறரை மணிக்கு. ஐந்தரை மணி நேரக்காரர் ஒன்பதரைக்குத்தான் முடிப்பார், மூன்று மணி நேரம் வெயில். ஜெயிக்கிறவர் ஏறக்குறைய வெயில் வருவதற்குள்ளேயே முடித்துவிடுவார், வெயில் முழுக்க நமக்கு. தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள், தலையிலும் பிடரியிலும் தண்ணீர் ஊற்றுங்கள், குனிந்து ஊற்றினால் ஷூவுக்குள் போகாது.

30 வரைக்கும் பயிற்சி கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு மேல் உடம்பில் சேர்த்து வைத்த கிளைகோஜன் (மாவுச்சத்துச் சேமிப்பு) தீர்ந்துவருகிற இடம், தொடை கல்லாகும், சின்ன மேம்பாலம்கூடக் கொடைக்கானல் மலை மாதிரி தெரியும். மிச்ச தூரத்தை மொத்தமாக யோசிக்காமல் அடுத்த தண்ணீர் மேசை வரைக்கும் மட்டும் யோசியுங்கள். நடக்கலாம், உட்கார வேண்டாம். இந்த வலி வேறு, ஆபத்து வேறு: நெஞ்சுவலி, தலைச்சுற்றல், வெயிலில் திடீரென்று குளிரெடுத்து மயிர்க்கூச்செறிவது, எங்கே இருக்கிறோம் என்ற குழப்பம், நொண்ட வைக்கிற கூர்மையான வலி. இதில் எது வந்தாலும் பக்கத்து மெடிக்கல் பாயின்ட்டில் நில்லுங்கள், மாரத்தான் அடுத்த வருஷமும் நடக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும்: உங்கள் வாட்ச் 42.2 காட்டும் இடத்தில் முடிவுக்கோடு இருக்காது. வழித்தடத்தை அளப்பது வளைவுகளின் மிகக் குறுகிய கோட்டில், நாம் ஓடுவது கூட்டத்தை ஒதுங்கி ஒதுங்கி, 42.6, 42.8 கூட ஆகலாம். வாட்சை நம்பிக் கடைசி ஸ்பிரின்ட்டை முன்கூட்டியே போட்டுவிட்டால் அந்த அரை கிலோமீட்டர்தான் 42 கிலோமீட்டரிலும் நீளமானது.

முடித்த பிறகு

மெடலை வாங்கியதும் சட்டென்று நின்றுவிடாதீர்கள், ரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். பத்து பதினைந்து நிமிஷம் நடந்துகொண்டே மோர், வாழைப்பழம், கடலைமிட்டாய் எதுவோ சாப்பிடுங்கள். வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள், ஆட்டோவோ வீட்டு ஆளோ வரட்டும். சிறுநீர் கோலா நிறத்தில் வந்தாலோ மணிக்கணக்காக வராமலே இருந்தாலோ நேராக ஆஸ்பத்திரி, தசைச் சிதைவால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

இரண்டு மூன்று நாள் மாடிப்படி இறங்குவதுதான் கஷ்டம், ஏறுவது இல்லை. திரும்பி நின்று பின்பக்கமாக இறங்கினால் வலி குறையும், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தால் பார்க்கட்டும். ஒரு வாரம் ஓட்டமே வேண்டாம், நடை போதும். அடுத்த மாரத்தானுக்கு அன்று சாயங்காலமே பணம் கட்டிவிடாமல் இரண்டு வாரம் பொறுங்கள். நகம் கறுத்திருந்தால் பிடுங்காமல் விட்டுவிடுங்கள். அடியில் புதிது வளர்ந்ததும் தானாக விழும். சீழ் வைத்தாலோ துடிக்கிற வலி இருந்தாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.